பழைய ஸ்போர்ட்ஸ் காரில் வெப்பம் புகும் வழி

வெள்ளவத்தையின் கடற்கரை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீதிகளிலும் ஞாயிற்றுக்கிழமை காலை வேளையிற் செல்வோர், தாழ்ந்த உடலும் நீண்ட முகமும் உடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எப்போதாவது காண்பதுண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு அஃது அழகிய பொருள். உள்ளே அமர்ந்திருப்பவரைக் கேட்டால் வேறொன்று சொல்வார். கால் வைக்கும் இடம் அடுப்படிபோற் கொதிக்கிறது என்பார். கியர் தண்டின் அருகே முழங்காலை வைக்க முடியவில்லை என்பார். காலி வீதியின் நெரிசலிலே அரை மணி நேரம் நின்றால் தலை வலிக்கிறது என்பார். இந்த மூன்றாவது முறைப்பாட்டை நாம் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். இப்பேச்சின் முடிவு அதனையே சார்ந்திருக்கிறது.

இலங்கையிலே இத்தகைய கார்கள் இன்றும் எஞ்சியிருப்பதற்குக் காரணங்கள் உள. மோட்டார்ப் பந்தயம் இந்நாட்டிலே நெடுங்காலமாக வேரூன்றியது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934 ஆம் ஆண்டிலே தொடங்கியது. களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தை விமான ஓடுபாதை, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே பயன்பட்டுப் பின்னர் பந்தயத் திடலாகவும் விளங்கியது. அதன் பின் 1960 களிலிருந்து 1977 ஆம் ஆண்டு வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாகக் கார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அண்மையிலும், 2020 ஆம் ஆண்டிலே விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை, தனிப்பட்ட கார்களைப் பொறுத்தவரையில் 2025 ஆம் ஆண்டிலேதான் தளர்ந்தது. ஆகவே, உள்ள வண்டியை எறிந்துவிடாமல் திருத்தித் திருத்தி ஓட்டும் வித்தை நம்மவர்க்குக் கைவந்ததாயிற்று. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள் அந்த வித்தைக்குச் சாட்சி.

எனினும், வெப்பம் என்று வந்தவுடன் திருத்துவோரும் உரிமையாளரும் பெரும்பாலும் ஒரே காரியத்தையே செய்கின்றனர். தடித்த கம்பளம் ஒன்றை வாங்கித் தரையிலே விரிக்கின்றனர். அது போதாவிடின் அதன் கீழ் இன்னொன்றை இடுகின்றனர். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதற்கு இஃது ஒப்பாகும். நல்ல வைத்தியர் முதலில் நாடியைப் பார்ப்பார். எப்பொழுது காய்கிறது, எங்கே வலிக்கிறது என்று வினவுவார். காரின் காய்ச்சலுக்கும் அம்முறையே உகந்தது. வெப்பம் எந்த வழியால் வருகிறது என்பதைக் கண்டறிந்த பின்னரே அதனைத் தடுக்க முற்படல் வேண்டும்.

முதலில், இவ்வளவு வெப்பம் எங்கிருந்து பிறக்கிறது எனப் பார்ப்போம். பெற்றோல் எஞ்சின் ஒன்றிலே எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையுடனும், றேடியேற்றர்த் தண்ணீருடனும் வெப்பமாகவே வெளியேறுகிறது. எல்லாக் கார்களுக்கும் இது பொதுவானது. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரின் அமைப்பு வேறு. பாரம் சமமாகப் பரவவேண்டும் என்பதற்காக எஞ்சினைப் பின்னோக்கித் தள்ளி வைத்திருப்பார்கள். ஓட்டுநர் தரையோடு தரையாகக் காலை நீட்டி அமர்வார். கியர்பெட்டி அவர் முழங்காலுக்கு அருகே, நடுவில் மேடுபோல் எழுந்த தகட்டுக் கூட்டுக்குள் இருக்கும். புகைக்குழாயோ ஆசனத்தின் கீழே, தரைத் தகட்டிலிருந்து சில அங்குல தூரத்திலே செல்லும். ஒரு மெல்லிய தகடுதான் மனிதருக்கும் நெருப்புக்கும் இடையே நிற்கிறது.

உதாரணமாக, எம்.ஜி.பி. என்னும் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரத் தொழிற்சாலையிலே 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. அதன் எஞ்சின் 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது. நான்கு உருளைகளின் புகையையும் ஒன்றுசேர்க்கும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாய், பட்டறைகளிலே மனிபோல்ட் எனப்படுவது, அவ்வெஞ்சினின் இடப் பக்கத்திலே அமைந்துள்ளது. காபுரேற்றர்களும் அதே பக்கத்தில் உள்ளன. நம் நாட்டிலே ஓட்டுநர் வலப் பக்கத்தில் அமர்பவர். எனவே மனிபோல்டின் வெப்பம் முதலிலே தாக்குவது இடப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் கால்களையே. இந்த ஒரு செய்தியே நமக்குப் பெரிய துணையாகும். இடப் பக்கம் மட்டும் சுட்டால் மனிபோல்டை ஐயுறலாம். நடுமேடு சுட்டால் கியர்பெட்டியையும் அதன் அருகே செல்லும் புகைக்குழாயையும் ஐயுறலாம். இரு பக்கமும் ஒரே அளவிற் சுட்டால் ஹீற்றரையும் எஞ்சினையுமே ஐயுறல் வேண்டும்.

ஹீற்றர் என்றவுடன் சிலர் வியப்படையலாம். இக்கார்கள் குளிர்நாட்டுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே உள்ளிருப்போரைச் சூடாக வைத்திருப்பது ஒரு வசதி, எம்.ஜி.பி. வெளிவந்த தொடக்க ஆண்டுகளில் ஹீற்றருக்கு மேலதிக விலை கொடுக்கவேண்டியிருந்தது. குளிர்நாட்டிலே வசதியாக இருந்தது கொழும்பிலே தொல்லையாகிறது.

இனி வெப்பம் பயணஞ்செய்யும் வழிகளைக் கருதுவோம். பாடசாலை மாணவரும் அறிந்த மூன்று வழிகள் அவை. ஒன்று கடத்தல்: தேநீரில் இட்ட கரண்டியின் காம்பு சுடுவதுபோல, பொருளின் ஊடாகவே வெப்பம் செல்வது. இரண்டு மேற்காவுகை: சூடான காற்றோ நீரோ தானே அசைந்து வெப்பத்தைச் சுமந்து செல்வது. மூன்று கதிர்வீசல்: வெயிலைப்போல, இடையிலே எந்தப் பொருளின் உதவியுமின்றி வெப்பம் பாய்வது. ஸ்கொத்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் டுவார் 1892 ஆம் ஆண்டில் அமைத்த வெற்றிடக் குடுவை இம்மூன்றையும் ஒருங்கே தடுக்கிறது. அதுவே நாம் வீட்டிலே வைத்திருக்கும் சுடுநீர்ப் போத்தல். இரு கண்ணாடிச் சுவர்களுக்கு இடையேயுள்ள வெற்றிடம் கடத்தலையும் மேற்காவுகையையும் தடுக்கிறது. பளபளக்கும் வெள்ளிப் பூச்சு கதிரைத் திருப்பி அனுப்புகிறது. மூன்று பகைவருக்கும் ஒரே ஆயுதம் போதாது என்பதை அந்தப் போத்தல் நமக்குக் கற்பிக்கிறது. கம்பளமோ முதலாவது பகைவனை மாத்திரமே எதிர்க்க வல்லது.

உங்கள் காரிலே வெப்பம் எவ்வழியால் வருகிறது என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒருவர் காரை ஓட்ட, மற்றவர் அருகே அமர்ந்து, ஒரு மடித்த புதினத்தாளை எடுத்துத் தம் காலுக்கும் நடுமேட்டுக்கும் இடையே பிடிக்கட்டும். தாளைப் பிடித்த அக்கணமே காலிலே சூடு தணிந்தால், அது கதிர்வீசல். தாளைச் சுற்றிக்கொண்டு வெந்நிறக் காற்று வருவதுபோலத் தோன்றினால், அது மேற்காவுகை. எங்கோ ஒரு துளை திறந்திருக்கிறது. தகட்டைத் தொடும்போது மாத்திரம் சுட்டு, சற்று விலகினால் சுடாவிடின், அது கடத்தல். ஓடும் காரின் ஓட்டுநர் இச்சோதனையைத் தாமே செய்ய முற்படல் ஆகாது.

இதன் மேல், மூன்று நாட்கள் குறிப்பேடு ஒன்றை வைத்திருத்தல் நன்று. முதல் நாள் இரவிலே ஓட்டுங்கள். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழு பாகையில் உள்ளது. ஏப்ரல் மாத முற்பகுதியிலே உச்சிவேளையிற் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த வெயிலிலே மூடிக் கிடக்கும் காரின் உட்புறம் 50 பாகை செல்சியசைத் தாண்டுவது அரிதன்று. கறுப்புத் துணிக்கூரையுள்ள காரிலே இக்குற்றத்தை எஞ்சின் மேற் சுமத்துவது நியாயமாகாது. இரவிலும் அதே சூடு இருந்தால் சூரியனை விடுவித்துவிடலாம்.

இரண்டாம் நாள் திறந்த வெளியிலே காரை நிறுத்தி, எஞ்சினை இருபது நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். மூடிய கராஜுக்குள் இதை ஒருபோதும் செய்யலாகாது. நிற்கும்போது சூடு மிகுந்து, ஓடும்போது குறைந்தால், பொனட்டின் கீழே வெப்பம் தேங்குகிறது என்பது பொருள். மூன்றாம் நாள், வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை வழியாகக் கொட்டாஞ்சேனை வரை ஒரு முறை நெரிசல் வேளையிலும், ஒரு முறை வீதி வெறிச்சோடிய அதிகாலையிலும் சென்று பாருங்கள். வேகம் கூடக் கூடக் காலிலே சூடான காற்று மிகுமாயின், முன்னாலிருந்து வரும் காற்றின் அழுத்தமே வெப்பத்தைத் துளைகளினூடாக உள்ளே தள்ளுகிறது.

குறிப்பேடு எழுதிய பின், எஞ்சின் தானே நலமாக இருக்கிறதா எனப் பார்க்கவேண்டும். தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பக் கதவு, அக்கால ஆங்கிலக் கார்களிலே வழக்கமாக 82 பாகையிலே திறப்பது. உஷ்ண நாடுகளுக்கென 74 பாகையிலே திறப்பதும் வழங்கப்பட்டது. றேடியேற்றரிலே உப்பும் துருவும் அடைத்திருந்தாலும், காற்றாடியின் பட்டி தளர்ந்திருந்தாலும் எஞ்சின் கொதிக்கும். இவற்றை உரிமையாளர் பலர் அறிவர். அறியாத ஒன்று உண்டு. தீப்பொறி விழும் நேரம் பிந்தினால், பெற்றோல் உருளைக்குள்ளே எரிந்து முடியாமல் புகைக்குழாயை நோக்கி எரிந்துகொண்டே செல்லும். அப்பொழுது தண்ணீர்மானி இயல்பான அளவைக் காட்டினும் மனிபோல்ட் அளவுக்கு மீறிச் சுடும். ஆகவே தீப்பொறி நேரத்தைச் சரிபார்த்தல் காற்செலவிலே அரை வெப்பத்தை நீக்கக்கூடும்.

அடுத்தது ஹீற்றர். எம்.ஜி.பி.யிலே எஞ்சினின் தலைப்பகுதிக்குப் பின்புறம் ஒரு சிறு நீர்த்திறப்பு உண்டு. கம்பியால் இழுத்து அதனை மூடலாம். கம்பி துருப்பிடித்து இறுகிப்போனால், முன்னேயுள்ள குமிழ் மூடிய நிலையைக் காட்டினும் திறப்பு திறந்தே இருக்கும். எஞ்சின் கொதித்தபோது ஹீற்றரைத் திறந்து அதன் சூட்டைத் தணிக்கும் பழக்கம் நம் ஓட்டுநரிடையே உண்டு. அப்படித் திறந்ததை மறந்துவிட்ட கார்களும் உண்டு. சோதனை எளிது. திறப்பை மூடி, எஞ்சின் நன்றாகச் சூடான பின் அதனை நிறுத்தி, திறப்புக்கு அப்பால் ஹீற்றருக்குச் செல்லும் இறப்பர்க் குழாயின் அருகே கையைக் கொண்டுசென்று அவதானமாகப் பாருங்கள். அது கொதிக்குமாயின் திறப்பு மூடவில்லை. அத்திறப்பை மாற்றுவது சிறிய செலவு. நுவரெலியாவின் பனியிலே கண்ணாடி மங்கும்போது ஹீற்றர் பயன்படுமாதலால், அதனை அடியோடு கழற்றி எறிய வேண்டியதில்லை.

மூன்றாவது சோதனை துளைகளைப் பற்றியது. இதற்கு வேண்டியது ஒரு கைவிளக்கும் இருளுமே. இரவிலே கம்பளத்தை முழுதும் எடுத்துவிட்டு, எஞ்சின் இருக்கும் பகுதியிலே ஒளிமிக்க மின்விளக்கு ஒன்றை வைத்து, பொனட்டை மூடுங்கள். பின்பு காரினுள்ளே அமர்ந்து கூரையையும் மூடிக் கண்ணை இருளுக்குப் பழக்குங்கள். தடுப்புத் தகட்டிலே விண்மீன்கள்போல் ஒளிப்புள்ளிகள் தோன்றும். மிதிகட்டைகளின் தண்டுகள் வரும் இடம், திசைமாற்றித் தண்டு வரும் இடம், மின்கம்பிகளும் வேகமானியின் கம்பியும் நுழையும் இடம் ஆகியவற்றிலெல்லாம் ஒரு காலத்தில் இறப்பர் வளையங்கள் இருந்தன. அறுபது ஆண்டு வெப்பத்திலே அவை வெடித்து உதிர்ந்துவிட்டன. கியர் தண்டைச் சுற்றியுள்ள இறப்பர் உறையும் அவ்வாறே கிழிந்திருக்கும். ட்ரையம்ப் ஹெரல்ட், ஸ்பிட்பயர் ஆகிய கார்களிலே கியர்பெட்டியின் மேல்மூடி தனியாகக் கழற்றத்தக்கது. அதன் ஓரத்து அடைப்பு தளர்ந்தால் நடுமேடு முழுவதுமே ஒரு வெப்ப வாயிலாகும்.

காற்று எத்துளையால் வருகிறது என்பதை மேலும் உறுதிசெய்ய, மெல்லிய தாளை நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு துளையின் அருகிலும் ஒட்டிக் காரை ஓட்டிப் பாருங்கள். ஆடும் நாடா துளையைக் காட்டிக்கொடுக்கும். ஊதுபத்தியைக் கொளுத்திப் பார்க்கும் வழக்கமும் சில பட்டறைகளில் உண்டு. பழைய காபுரேற்றர்களிலே பெற்றோல் கசிவது சாதாரணம். ஆதலால் அந்த வழக்கத்தை விட்டுவிடுதல் நல்லது.

வெப்பமானி வைத்திருப்போர் அதனையும் பயன்படுத்தலாம். கொரோனாக் காலத்திலே நெற்றிக்கு நேரே பிடித்த கருவி மனித உடலின் வெப்பத்தையே அளக்கும்; காரின் தகட்டுக்கு உதவாது. தொழிற்சாலைகளுக்கென விற்கப்படும் கருவி வேண்டும். அதனையும் பளபளக்கும் உலோகத்தின் மேல் நேரே பிடித்தால் பிழையான அளவைக் காட்டும், பளபளப்பான மேற்பரப்பு மிகக் குறைந்த கதிரையே வீசுமாதலால். தரைத் தகட்டிலே ஒரு துண்டுக் கறுப்பு நாடாவை ஒட்டி, அதன் மேல் அளத்தல் வேண்டும். தரையைக் கட்டம் கட்டமாக அளந்து ஒரு தாளிலே எழுதினால், வெப்பத்தின் வரைபடம் ஒன்றே உங்கள் கையிற் கிடைத்துவிடும்.

நான்காவது சோதனை கதிரைப் பற்றியது. கதிர்வீசலுக்கு ஒரு கொடிய இயல்பு உண்டு. வெப்பநிலையைத் தனிப்பூச்சியத்திலிருந்து கணக்கிட்டால், அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கதிர் பெருகும். எஞ்சினின் உடல் 100 பாகையிலும் மனிபோல்ட் 400 பாகையிலும் இருப்பதாகக் கொள்வோம். ஒரே அளவான, ஒரே தன்மையான பரப்பிலிருந்து மனிபோல்ட் வீசும் கதிர், எஞ்சினுடையதைப்போல் நான்கு மடங்கன்று, ஏறக்குறைய பத்து மடங்கு. ஆகவே கதிரைத் தடுக்கப் பஞ்சு உதவாது; பளபளக்கும் அலுமினியத் தகடு வேண்டும். தகட்டுக்கும் தரைக்கும் இடையே கைவிரல் அளவு இடைவெளி இருத்தல் அவசியம். ஒட்டிவிட்டால் கதிர் கடத்தலாக மாறி உள்ளே வந்துவிடும். புகைக்குழாய்க்கும் தரைக்கும் நடுவே அத்தகைய தகடொன்றைத் தற்காலிகமாகக் கட்டி ஓட்டிப் பாருங்கள். வரைபடத்திலே அந்த இடத்தின் அளவு சட்டென்று இறங்கினால், குற்றவாளி அகப்பட்டான்.

இவ்வளவும் சுகத்தைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது உயிரைப் பற்றியது.

சூடான காற்று நுழையும் துளையினூடாக அதனோடு சேர்ந்து எதுவும் நுழையலாம். புகையிலே காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு அதனைப் பற்றிக்கொள்ளும். புதிய கார்களிலே புகைக்குழாயில் உள்ள ஊக்கிக் கருவி இவ்வாயுவிற் பெரும்பகுதியை மாற்றிவிடுகிறது. 1960 களின் கார்களுக்கு அக்கருவி இல்லை. அவற்றின் புகையிலே நூற்றுக்குச் சில பங்கு அவ்வாயுவாகவே இருக்கும். நம் நாட்டிலே 2008 ஆம் ஆண்டில் தொடங்கிய வாகனப் புகைச் சோதனை, பின்குழாயின் வாயிலே அதனை அளக்கிறது. அதனால் ஊரின் காற்றுக்கு நன்மையே. ஆயினும் மனிபோல்டின் இணைப்பிலே கசிந்து காரினுள்ளே புகுவதை அச்சோதனை அளப்பதில்லை. சான்றிதழ் பெற்ற கார் உள்ளேயும் பாதுகாப்பானது என எண்ணிவிடலாகாது.

தொடக்கத்திலே கூறிய தலைவலியை இப்பொழுது நினைத்துப் பாருங்கள். வெயிலினாலும் தலை வலிக்கும், நெரிசலினாலும் வலிக்கும். ஆனால் காரில் ஏறிச் சிறிது நேரத்தில் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் தோன்றி, இறங்கி வெளிக்காற்றிலே நின்றதும் அவை தணியுமாயின், குறிப்பாக உடன் வந்த பிள்ளைகளுக்கும் அவ்வாறே நேருமாயின், அதனை வெப்பத்தின் மேற் சுமத்திவிடக் கூடாது. அக்காரை அன்றோடு நிறுத்திவிட்டுப் புகைக்குழாயை ஆராய்தல் வேண்டும். மயக்கம் நீங்காவிடின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிப்பது கடினமன்று. காலையிலே எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அதனை இயக்கிக் காதுகொடுத்துக் கேளுங்கள். மனிபோல்டின் அருகே மணிக்கூட்டின் ஓசைபோல் டிக் டிக் என்னும் சத்தம் எழுந்து, எஞ்சின் சூடானதும் குறைந்தால், இணைப்பிலே இடைவெளி உண்டு. இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா எனவும் பாருங்கள். பின்னாலிருந்தும் புகை வரலாம். திறந்த காரும், பின்கண்ணாடியைத் திறந்துவைத்த காரும் ஓடும்போது அவற்றின் பின்புறத்திலே காற்றழுத்தம் குறைந்து, வெளியேறிய புகை மீண்டும் உள்ளே இழுக்கப்படும். பின்பெட்டி மூடியின் இறப்பரும் பின்விளக்குகளின் அடைப்பும் ஆகவே முக்கியமானவை. வொக்ஸ்வாகன் பீற்றில் போன்ற, காற்றால் குளிரும் எஞ்சினுள்ள கார்களிலே ஹீற்றரின் காற்று புகைக்குழாயைச் சுற்றியே சூடாகி உள்ளே வருகிறது. அதன் கூடு துருவினால் ஓட்டையானால் ஹீற்றர் வழியே நஞ்சு வரும். மின்கலத்தால் இயங்கும் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பழைய காரிலே வைத்திருத்தல் சிறந்த காவல்.

பரிகாரத்துக்கும் ஒரு வரிசை உண்டு. முதலிற் புகைக்கசிவு, அதன் பின் எஞ்சினின் நலம், பின்னர் ஹீற்றரின் திறப்பு, அடுத்துத் துளைகள், அதற்கடுத்து அலுமினியக் கவசம், எல்லாவற்றுக்கும் இறுதியிலே கம்பளம். பழைய அடைப்புகளையும் தடுப்புத் தகட்டின் பழைய உறைகளையும் அகற்றும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். அவற்றிற் பல கல்நார் கலந்தவை. நம் வீட்டுக் கூரைகளால் நாம் அறிந்த அதே அஸ்பெஸ்ரஸ்தான். உலர்ந்த நிலையிலே சுரண்டித் தூசெழுப்பாமல், நனைத்து, முகமூடி அணிந்து எடுத்தல் வேண்டும்.

சிலர் பொனட்டின் பின்விளிம்பைச் சற்று உயர்த்திவிட்டால் வெப்பம் வெளியேறும் என்பர். நிற்கும் காரிலே அது ஓரளவு உண்மை. ஓடும் காரிலோ கண்ணாடியின் அடியிலே காற்றழுத்தம் மிகுதி. ஆகவே காற்று அங்கே வெளியேறாது, உட்புகும். எம்.ஜி.பி.யிலே ஹீற்றருக்குக் காற்றெடுக்கும் வாயிலும் அக்கண்ணாடியின் முன்னேதான் உள்ளது. நிற்கும்போது வெளிவரும் எஞ்சின் ஆவியை அவ்வாயில் அப்படியே உள்ளிழுத்துக் காலடியிலே கொட்டும். நன்மையென்று செய்தது தீமையாக முடியும்.

கம்பளத்தைக் கடைசியில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளவத்தை கடலோரம்; காற்றிலே எப்போதும் உப்புண்டு. மழைக்காலத்திலே துணிக்கூரையால் ஒழுகும் நீரைத் தடித்த கம்பளம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்து அடியிலுள்ள தகட்டை அரிக்கும். ஓரிரு ஆண்டுகளிலே அங்கே ஒரு துளை விழும். வெப்பத்தை மறைக்க விரித்த கம்பளமே வெப்பத்துக்கும் புகைக்கும் புதிய வாயிலைத் திறந்து, அதனை நம் கண்ணுக்கும் மறைத்துவிடுகிறது.

ஆதலால் நேயர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ அத்தகைய கார் ஒன்று இருக்குமாயின், வரும் விடுமுறை நாளிலே அதன் கம்பளத்தை முழுவதும் எடுத்து வெயிலிலே காயவிடுங்கள். அன்றிரவு விளக்கை ஏற்றி, தகட்டிலே எத்தனை விண்மீன்கள் தோன்றுகின்றன என எண்ணிப் பாருங்கள். அவற்றை அடைத்து முடியும் வரை, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெரிசலிலே நிற்கும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.